சவுரி பின்னிய கை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்குக் கழுத்து, ஒருத்தருக்குக் குதிகால். போன கிழமை கிளினிக் வாங்கில் உட்கார்ந்து நானும் என் பங்குக்கு இடுப்பைப் பற்றி அழுதேன். மூன்று தரம் எக்ஸ்ரே எடுத்தும் ஒன்றுமில்லையாம் என்றேன். அப்போது உங்களில் ஒருத்தி, யாரென்று சொல்ல மாட்டேன், "ஒண்ணுமில்லைன்னா அப்புறம் என்னா வலி?" என்று சிரித்தாள். பாவம், சும்மா வாயில் வந்ததைச் சொன்னாள். நான்தான் விறுக்கென்று எழுந்து வெளியே போய்விட்டேன். பிறகு டெலிபோனில் ஆளாளுக்குக் கேட்டீர்கள், ஏன் அப்படிப் போனாய் என்று. அது டெலிபோனில் சொல்லுகிற சங்கதி இல்லை. அதனால்தான் இத்தனை வயதுக்குப் பிறகு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கண்டி மஹய்யாவயில் நம் லயன் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு அடுப்படி, பத்து வீட்டுக்கு ஒரு குழாய். அப்பாவும் அம்மாவும் நகரசபையில் வேலை பார்த்தார்கள். அப்பா சாக்கடைக் கான் துப்புரவாக்குகிற கூட்டத்தில் இருந்தார். அம்மாவுக்கு வாவியோரப் பாதை கூட்டுகிற வேலை. அந்த மரங்களிலிருந்து இலை விழுந்து முடிந்த நாளே கிடையாது. கூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் கிடக்கும். அம்மா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அவளுக்கு அப்போது நல்ல வலுவான கை.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள். ஆனால் காகிதத்தில் அவள் பெரியப்பாவின் மகள். எப்படி என்று கேட்பீர்கள். அப்பாவின் அண்ணன் தெல்தெனியப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லை. பிள்ளையில்லாதவர்கள் பேரில் உறவுக்காரப் பிள்ளை ஒன்றைப் பதிந்துவிட்டால் அந்த ராசிக்கு அவர்களுக்கும் ஒன்று பிறக்கும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை. அம்மாவும் தலைப்பிரசவத்துக்கு அந்தத் தோட்டத்துக்குத்தான் போயிருந்தாள். பதிகிற நேரம் தகப்பன் பேர் என்ற இடத்தில் பெரியப்பா பேரைச் சொன்னார்கள். அம்மா தலையாட்டினாளாம். பேருக்குத்தானே, பிள்ளை நம்மிடம்தானே இருக்கப்போகிறது என்று நினைத்தாளாம். பெரியப்பாவுக்கு அதற்குப் பிறகும் பிள்ளை பிறக்கவில்லை. அக்கா எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அந்தக் காகிதத்தை எல்லாரும் மறந்துபோனோம்.

காகிதம் மறக்கவில்லை. இந்தியாவுக்குப் போகிறவர்கள் போக, இங்கே இருக்கிறவர்கள் இருக்க என்று இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஜனத்தை இரண்டாகப் பிரித்த காலம் அது. பெரியப்பா இந்தியாவுக்குப் போக எழுதிப்போட்டிருந்தார். அப்பா இங்கேயே இருக்க எழுதிப்போட்டிருந்தார். அந்த ஐப்பசியில் பெரியப்பா குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வந்தபோது அதில் மூன்று பேர் இருந்தார்கள். பெரியப்பா, பெரியம்மா, அக்கா.

அப்பா அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்தார். பிள்ளை எங்களுடையது என்று சொல்ல எங்களிடம் ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. கடைசியில் ஒருநாள் வந்து அடுப்படிப் படியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார். "காகிதத்துல அவ அண்ணன் மக. இங்க நிப்பாட்டினா எந்த நாட்டுக்கும் இல்லாமப் போயிருவா. ரெண்டு வருசம் போகட்டும், எப்பிடியாச்சும் கூட்டியாந்திரலாம்." அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். பேச அவளுக்கு வாய் இல்லை. பதிகிற அன்றைக்குத் தலையாட்டியவள் அவள்தானே. அப்படித்தான் அவள் நினைத்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தியக் கப்பல் ஏறத் தலைமன்னார் போகிற கோச்சியை நம் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? கண்டி ஸ்டேஷனில் அன்றைக்கு நிற்க இடமில்லை. கோச்சி பிந்தி வந்தது. அம்மா அக்காவைப் பெட்டிமேல் உட்கார வைத்துத் தலை பின்னினாள். அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. பின்னி ரிப்பன் கட்டினாள். பிறகு கோணலாக இருக்கிறது என்று பிரித்தாள். மறுபடி பின்னினாள். மறுபடி பிரித்தாள். அது கோணலாக இல்லை, நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "போதும்மா, வலிக்குது" என்று அக்கா சொன்னாள். "ஆடாம நில்லு" என்று அம்மா அதட்டினாள். உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து நில்லு என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் தினமும் சுவரோரம் நிறுத்தி வைத்துப் பின்னுகிற பழக்கம் அது.

கோச்சி அசைந்தபோது அம்மா ஜன்னல் வழியாக அக்காவின் கையைப் பிடித்திருந்தாள். விடவில்லை. பிளாட்பாரத்தோடு ஓடினாள். அப்பா போய் இடுப்பைக் கட்டி இழுத்துத்தான் பிரித்தார்.

அடுத்த நாள் காலையில் எனக்குத் தலைவார அம்மா சீப்பை எடுத்தாள். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. முகம் வெளுத்துவிட்டது. ஓடினபோது இழுபட்டிருக்கும், சுளுக்குத்தான் என்று எல்லாரும் சொன்னோம். எதிர்வீட்டு அத்தை எண்ணெய் போட்டு உருவி விட்டாள். ஒரு கிழமையில் சரியாகிவிடும் என்றாள். ஒரு கிழமை போய் ஒரு மாதமும் போனது. வலி தோளிலிருந்து முழங்கைக்கு வந்தது, முழங்கையிலிருந்து விரலுக்கு வந்தது. விளக்குமாற்றைப் பிடித்தால் நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது என்றாள். தண்ணீர் வாளி தூக்க முடியாது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள், அதுவும் இடது கையால்.

அம்பிட்டியவில் ஒரு சிங்கள வெதமாத்தியா இருந்தார், கைகால் முறிவுக்குப் பேர் போன நாட்டு வைத்தியர். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மேட்டுப் பாதையில் ஏறிப் போனோம். கஷாயமும் பச்சிலையும் மணக்கிற சின்ன வீடு. அந்த மனிதர் அம்மாவின் தோளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார், இந்த வலி வந்த நேரம் வீட்டில் ஏதாவது துக்கம் நடந்ததா என்று. டவுனில் கூட்டுகிற அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா முந்திக்கொண்டு, அப்படி ஒன்றும் இல்லை மாத்தியா, பிள்ளைகளெல்லாம் சுகம் என்றார். வெதமாத்தியா இரண்டாம் முறை கேட்கவில்லை. எண்ணெய் கொடுத்து, இலை வைத்துக் கட்டி அனுப்பினார்.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவை அனுப்பி அந்தத் துக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படி வாய்விட்டுச் சொல்வார்? அவருக்கும் அந்த மாதங்களில்தான் வயிற்றெரிச்சல் பிடித்தது. சோடா குடித்துக்கொண்டு அலைந்தார். ஆனால் ஒன்று, அப்பாவின் வயிற்றெரிச்சலுக்கு எக்ஸ்ரே எங்கே என்று லயத்தில் யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்குக் கேட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் பாதி நாள் வரிசையில் நின்று எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை என்றார். எலும்பில் என்றுதான் சொன்னார், எனக்குக் காதில் விழுந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் அந்த எலும்பு எங்கேயோ விழுந்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் அப்பா "ஒண்ணுமில்லையாம்" என்றார். அன்றைக்கு மாறியது லயத்தின் பேச்சு. உருவி விட்ட அத்தையே, மழையில் கூட்ட யாருக்குத்தான் பிடிக்கும் என்று குழாயடியில் சொன்னாள். வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் அப்பாவைக் கூப்பிட்டு, உன் பெண்சாதி வேலைக்கு வருகிறாளா, வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டார். நாலு பேர் முன்னால் கேட்டார். வேலை போனால் வீடும் போகும். அது நகரசபை வீடு.

என் கதையையும் சொல்ல வேண்டும். என் தலைமுடிதான் என் கதை. அம்மாவால் முடியாததால் எதிர்வீட்டு அத்தை பின்னி விடுவாள். ஒன்று மேலே ஒன்று கீழே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். பேசாமல் கிராப்பு வெட்டிவிடலாம் என்று அப்பா வேறு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அக்கா இருந்தவரைக்கும் அவளுக்கு மணிக்கணக்கில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னின கை, என் முறை வந்ததும் வலிக்கிறதா? வெட்கக்கேடு, ஆனாலும் சொல்கிறேன், அக்கா போனதில் எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது. இனி அம்மா எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். அம்மாவோ இருந்த இடத்திலேயே இல்லாமல் போயிருந்தாள்.

டிசம்பர் லீவு விட்ட அன்று பின்னேரம் அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ வீட்டுலதானே இருப்ப. நாங்க யாரும் இல்லாத நேரம் அம்மா அந்தக் கையத் தூக்குதான்னு பாத்து வையி. அம்மாகிட்டச் சொல்லிராத."

எனக்குப் பெரிய மனுஷி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. பார்த்தேன். நாலு நாள், ஐந்து நாள் பார்த்தேன். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது தன் கையே இல்லை, யாரோ கொடுத்துவிட்டுப் போன பிள்ளை என்கிற மாதிரி இடது கையால் தாங்கிக்கொண்டிருப்பாள். பொய்யாக இருந்தால் தனியாக இருக்கும்போது எதற்கு அப்படித் தாங்க வேண்டும்? ஒன்பது வயதுக்கு அது தோன்றவில்லை.

ஒருநாள் மத்தியானம். வெளியே தூறல். என்னைத் தண்ணீருக்கு அனுப்பினாள். குழாயில் கூட்டமாக இருந்ததால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். பின்பக்க ஜன்னல் பலகையில் ஒரு விரிசல் இருந்தது. ஏன் கதவால் போகாமல் அந்தப் பக்கம் போனேன் என்று கேட்காதீர்கள், உளவு பார்க்கத்தான் போனேன்.

சுவரில் கலண்டர் மாட்டுகிற ஆணி ஒன்று உண்டு. கலண்டரைக் கழற்றிக் கீழே வைத்திருந்தாள். ஆணியில் ஒரு சவுரி தொங்கியது. அக்காவின் முடி. சீப்பில் வருகிற முடியை எறியாமல் ஒரு பால்மா டின்னில் அடைத்து வைப்பாள் அம்மா, எத்தனையோ வருடச் சேமிப்பு. அதை எப்போது சவுரியாகக் கட்டினாள் என்று எனக்குத் தெரியாது. அக்காவின் தலை உயரத்தில்தான் அந்த ஆணி இருந்தது. அம்மா எட்டி நின்று, இரண்டு கையையும் தூக்கி, எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டிருந்தாள். வலது கையும்தான். நடுங்கவில்லை. விரல்கள் பழையபடி விறுவிறுவென்று மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிப் போட்டன. வாய் ஏதோ முணுமுணுத்தது. பலகையில் காதை வைத்துக் கேட்டேன்.

"ஆடாம நில்லு" என்றாள், அந்தச் சுவரைப் பார்த்து.

நுனிவரை பின்னினாள். ரிப்பன் கட்டினாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பிரித்தாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

எனக்கு அழுகை வந்தது. பரிதாபத்தால் என்று நினைக்காதீர்கள். பொறாமையால். இங்கே உயிரோடு இரண்டு காதும் கண்ணுமாக நான் கோணல் பின்னலோடு நிற்கிறேன், அவள் ஆணிக்குத் தலைவாருகிறாள்!

அன்று பின்னேரம் அப்பா குழாயடிக்கு வந்ததும் போய்ச் சொன்னேன்.

"அம்மா கை தூக்குதுப்பா. ரெண்டு கையும்."

"நெசமா?"

"நெசமா."

அவ்வளவுதான் சொன்னேன். சவுரியைச் சொல்லவில்லை. ஆணியைச் சொல்லவில்லை. ஆடாமல் நில்லு என்றதைச் சொல்லவில்லை. மறந்துபோய் விடவில்லை, தெரிந்துதான் விட்டேன். அதைச் சொன்னால் அப்பா உட்கார்ந்து அழுதுவிடுவார், அம்மாவை ஒன்றும் கேட்க மாட்டார் என்று எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. என் பாதி உண்மையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் போனார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அம்மாவைப் பார்க்காமல், "நாளைக்கு வேலைக்கு வான்னு ஓவசியர் சொல்லிட்டாரு. புள்ள பாத்திருக்கு" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கலண்டரைப் பார்த்தேன். அது ஆணியில் ஒழுங்காகத் தொங்கியது. அடுப்பில் சோறு பொங்கியது, அம்மா போய் இறக்கினாள், வலது கையால்.

மறுநாள் விடிய விளக்குமாற்றோடு போனாள். அதற்குப் பிறகு செத்துப்போகும்வரை, முப்பது வருடத்துக்கு மேல், என் அம்மாவின் வாயிலிருந்து கை வலிக்கிறது என்ற வார்த்தை வரவில்லை. லயமே சொன்னது, பார்த்தாயா, அதட்டினதும் சரியாகிவிட்டது என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சவுரி என்ன ஆனது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பால்மா டின்னில் பிறகு சீனி போட்டு வைத்திருந்தாள். இந்தியாவில் இறங்கின மண்டபம் முகாமிலிருந்து அக்கா எழுதின கடிதம் ஒன்று வந்தது, பிறகு எங்கேயோ மலைப்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று. பிறகு கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. இரண்டு வருடத்தில் கூட்டி வருவதாகச் சொன்ன அப்பா அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அம்மா அவளைப் பிறகு பார்க்கவேயில்லை.

இப்போது என் இடுப்புக்கு வருகிறேன். நான் கிளினிக்கில் எழுந்து போனேனே, வெளியே நிற்கும்போதே புது டாக்டரிடம் என் நம்பர் வந்தது, உள்ளே போனேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகன் வயதுகூட இராது. மூன்று எக்ஸ்ரேயையும் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இந்த நோ எப்ப தொடங்கினது அம்மா? அந்த நேரம் வீட்டில என்ன நடந்தது?" என்று கேட்டாள். யோசித்தேன். மகன் வேலைக்குக் கட்டாருக்குப் போன மாதம். ஆறு வருடமாக நான் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. துக்கமும் பயமும் உடம்பில் தங்கினால் நரம்புகள் அடங்காமல் இருக்கும், காயம் ஆறினாலும், காயமே இல்லாவிட்டாலும் வலி வரும், அது மெய்யான வலிதான் என்று விளங்கப்படுத்தினாள். என் இடுப்பை விட்டுவிட்டு நான் கேட்டேன். தூக்கவே முடியாத கை ஒருநாள் தூக்கினால், அப்போது அந்த வலி பொய்யா என்று.

"இல்லை அம்மா. மனசு கொஞ்சம் ஆறின நேரம் உடம்பும் விட்டுக் குடுக்கும். பிறகு திரும்பியும் நோகும். அது நடிப்பில்லை" என்றாள்.

அந்தப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து நான் அழுத அழுகையை நீங்கள் பார்க்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று. அவள் எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. எனக்கு ஒன்பது வயதிலேயே ஒருத்தி சொல்லிவிட்டாள்.

அந்தத் தை மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். வேலைக்குப் போகுமுன் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தினாள். சீப்பை வலது கையில் எடுத்தாள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. சீப்பு தலையில் படும்போதெல்லாம் அந்தக் கை நடுங்குவது என் மண்டையில் தெரிந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிறகு விட்டாள். வகிட்டில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. எண்ணெய் சூடாக இருக்காது. பாதி பின்னியிருப்பாள். பின்னாலிருந்து, கோபமே இல்லாமல், ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

"நீ பாத்தது நெசந்தான் கண்ணு. வலிச்சதும் நெசந்தான்."

மன்னிப்புக் கேட்க எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் கொடுக்கப்பட்டது. பின்னல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அதைத்தான் சொன்னேன்.

"முடி இழுக்குதும்மா."

சரி கண்ணு என்றாள். பின்னியதை எல்லாம் பிரித்துவிட்டு, அந்தக் கையை மறுபடியும் தூக்கி, முதலிலிருந்து பின்னத் தொடங்கினாள்.